பத்தாம் வகுப்பு ஆங்கிலம்: இரண்டு மாதத்தில் இலக்கணமும் எழுத்துப் பகுதியும் தேறுமா?

உங்கள் தங்கை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பத்தாவது படிக்கிறார். மற்ற பாடங்களில் எழுபதுக்குக் குறையாமல் வாங்குகிறவர் அரையாண்டுத் தேர்வில் ஆங்கிலத்தில் மட்டும் 31 எடுத்திருக்கிறார். பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. நீங்கள் திருப்பூரில் வேலை பார்க்கிறீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முடியாது. எந்த இலக்கணப் புத்தகம் வாங்கி அனுப்பலாம், டியூஷன் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனை வருடம் வராத இலக்கணம் இரண்டு மாதத்தில் வந்துவிடுமா என்பதுதான் அதற்குள் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். ஆங்கில இலக்கணம் முழுவதும் வராது. இந்தத் தேர்வு கேட்கிற இலக்கணம் வரும். அதற்குப் புதிதாகப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

நான் மாநிலப் பாடத்திட்டத்தில் பல வருடங்களாகப் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன், விடைத்தாள் திருத்தும் முகாம்களுக்கும் போய்வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு வினாத்தாள் அமைப்பே வேறு, அவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தங்கையின் விடைத்தாளை நான் பார்க்கவில்லை. அதனால் அவருடைய பிழைகள் இவைதான் என்று சொல்லவும் முடியாது. தமிழ்வழிப் பிள்ளைகள் பெரும்பாலும் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைச் சொல்கிறேன். அவருடைய தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் கணக்கு. 2019-20 கல்வியாண்டிலிருந்து பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் முதல் தாள், இரண்டாம் தாள் என்ற பிரிவு இல்லை. ஒரே தாள், 100 மதிப்பெண், 3 மணி நேரம், 47 கேள்விகள். அதில் 7 முதல் 14 வரை ஒரு மார்க் கேள்விகள்: பன்மை, முன்னொட்டு பின்னொட்டு, சுருக்கக் குறியீடு, ஃப்ரேஸல் வெர்ப் (இரண்டு மூன்று சொல் சேர்ந்த வினை), கூட்டுச்சொல், ப்ரெபொசிஷன், டென்ஸ், லிங்கர் (வாக்கியங்களை இணைக்கும் சொல்). அது 8 மார்க். 23 முதல் 27 வரை இலக்கணம். ஐந்தில் மூன்று எழுதினால் 6 மார்க். 28-வது வழிகாட்டும் வரைபடம், 2 மார்க், கட்டாயம். 39 முதல் 44 வரை விளம்பரம், கடிதம், அறிவிப்பு, படம் பார்த்து எழுதுதல், குறிப்பெடுத்தல் அல்லது சுருக்கம், பிழை திருத்தம். ஆறில் நான்கு எழுதினால் 20 மார்க். கூட்டிப் பாருங்கள், 36 வருகிறது. தேர்ச்சிக்கு வேண்டியது 35. கடைசிக் கேள்வியில் பத்தி படித்துப் பதில் எழுதும் 8 மார்க்கையும் சேர்த்தால், பாடத்தை மனப்பாடம் செய்யாமலே எழுதக்கூடிய பகுதி 44. இந்த வரிசை வந்ததிலிருந்து பெரிய மாற்றத்தை நான் பார்க்கவில்லை. இருந்தாலும் இந்த ஆண்டின் மாதிரி வினாத்தாளை அவருடைய பள்ளி ஆசிரியரிடம் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 31 எடுத்த பிள்ளைகள் பெரும்பாலும் செய்வது நேர்மாறானது. நோட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு ப்ரோஸ், போயம் பாராகிராஃப்களை வரி வரியாக உருப்போடுகிறார்கள். தேர்வில் நடுவில் ஒரு வரி மறந்தால் மீதியும் போய்விடுகிறது. இலக்கணமும் எழுத்துப் பகுதியும் 'நமக்கு வராது' என்று கடைசிக்குத் தள்ளப்படுகின்றன. மனப்பாடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மனப்பாடப் பாடல் 5 மார்க், அதை ஓரெழுத்தும் பிசகாமல் எழுதிப் பழக வேண்டும். ஆனால் ஒரு நாளில் ஆங்கிலத்துக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்றால், அதில் முக்கால்வாசி இந்த 44 மார்க்குக்குப் போகட்டும்.

இலக்கணப் புத்தகம் ஏன் வேண்டாம் என்கிறேன்? அந்தப் புத்தகங்கள் நவுன் என்றால் என்ன, அது எத்தனை வகை என்று தொடங்கும். இரண்டு மாதத்தில் பிள்ளை ப்ரோநவுனைத் தாண்டாது. தேர்வில் வரையறை கேட்பதே இல்லை. அதற்குப் பதில் காலாண்டு, அரையாண்டு விடைத்தாள்களைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள். சிவப்பு மையில் சுழித்த இடங்களை மட்டும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். இடப்பக்கம் தவறாக எழுதிய வாக்கியம், வலப்பக்கம் சரியானது. பத்துப் பதினைந்து வாக்கியம் எழுதியதும் ஒன்று தெரியும்: பிழைகள் பல இருந்தாலும் வகைகள் கொஞ்சம்தான். அந்த வகைகளும் எங்கிருந்தோ வருவதில்லை. பிள்ளை தமிழில் நினைப்பதால் வருகின்றன, அதனால்தான் அவற்றைச் சரிசெய்யவும் முடிகிறது.

'என் அப்பா விவசாயி' என்பது தமிழில் முழு வாக்கியம். அதில் வினைச்சொல் இல்லை, தேவையும் இல்லை. அதே பழக்கத்தில் 'மை ஃபாதர் எ ஃபார்மர்' என்று எழுதிவிடுகிறார்கள், நடுவில் வரவேண்டிய 'இஸ்' போய்விடுகிறது. விளம்பரம், படம் பார்த்து எழுதுதல் எல்லாவற்றிலும் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வரும். அடுத்து, 'அவன் ஏழையாக இருந்தாலும், ஆனால் நேர்மையானவன்' என்று நாம் பேச்சில் சொல்வதுண்டு. அது ஆங்கிலத்தில் 'தோ ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஆனஸ்ட்' ஆகிவிடுகிறது. 'தோ' வந்தால் 'பட்' கூடாது, இரண்டில் ஒன்றுதான். 'ஐந்து வருடமாக இங்கே இருக்கிறேன்' என்பதை 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதுகிறார்கள். வரவேண்டியது 'ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. வருடக்கணக்கு, மணிக்கணக்கு என்றால் 'ஃபார்'. 2019, திங்கள்கிழமை, காலை என்று தொடங்கிய நேரத்தைச் சொன்னால் 'சின்ஸ்'. அப்புறம் 'ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்'. நண்பர்களில் ஒருவர் என்று சொல்வதால் அங்கே 'ஃபிரண்ட்ஸ்' என்றுதான் வரவேண்டும், ஆனால் அதற்குப் பின்னால் வரும் வினை ஒருமையில். 'டிட் நாட் வென்ட்' இன்னொன்று. 'டிட்' ஏற்கெனவே இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டது, எனவே 'டிட் நாட் கோ' போதும். 'ஆனஸ்ட்', 'ஹவர்' இரண்டும் எழுத்தில் எப்படித் தொடங்கினாலும் காதுக்கு உயிர் ஒலியில் தொடங்குகின்றன. ஆகவே 'ஆன்' வரும், 'எ' வராது.

இந்த ஆறையும் இவ்வளவு விளக்கமாகச் சொல்லக் காரணம், 44-வது கேள்வியான பிழை திருத்தத்தில் அடிக்கடி வருகிறவையே இவைதான். ஐந்து வாக்கியம், ஐந்து மார்க். முழு இலக்கணப் பகுதியிலும் உழைப்புக்கு இதைவிட அதிகமாகத் திருப்பித் தரும் கேள்வி கிடையாது. அதோடு, தன் பிழைகளைத் தானே திருத்திப் பழகிய பிள்ளைக்கு இந்தக் கேள்வி புதிதாகவே இருக்காது.

இலக்கண இரண்டு மார்க் கேள்விகள் ஐந்தில் மூன்று போதும் என்பதால், எந்த மூன்று என்று இப்போதே முடிவெடுத்துவிடலாம். செய்வினை செயப்பாட்டுவினை, நேர்கூற்று அயற்கூற்று, நிறுத்தக்குறி, வாக்கிய மாற்றம், சொற்களை வரிசைப்படுத்துதல் என்ற ஐந்தில், பின்தங்கிய பிள்ளைக்கு நான் முதலில் கொடுப்பது நிறுத்தக்குறியும் சொல்வரிசையும். நிறுத்தக்குறியில் தொடங்கும் பெரிய எழுத்து, பெயர்களின் பெரிய எழுத்து, மேற்கோள் குறி, அதற்கு முன் காற்புள்ளி, கேள்வியா வியப்பா என்று பார்த்து முடிவுக்குறி, இவ்வளவுதான். ஒரு வாரத்தில் கைவந்துவிடும். சொல்வரிசையில் ஒரே ஒரு உத்தி: வாக்கியத்தின் வினையைத் தேடு, அதைச் செய்தவரை அதற்கு முன்னால் வை, மீதியைப் பின்னால் வை. தமிழில் வினை கடைசியில் வருவதால் பிள்ளைகளின் கை தானாக வினையைக் கடைசிக்குக் கொண்டுபோகும். அதைத் தடுத்தால் போதும்.

மூன்றாவதாக வாக்கிய மாற்றத்தையோ அயற்கூற்றையோ எடுத்துக்கொள்ளலாம். வாக்கிய மாற்றத்தை விதியாகப் படித்தால் தலை சுற்றும், குடும்பம் குடும்பமாகப் படித்தால் எளிது. 'தோ' என்றால் காம்ப்ளெக்ஸ் வாக்கியம், 'பட்' என்றால் காம்பவுண்ட் வாக்கியம், 'இன் ஸ்பைட் ஆஃப்' என்றால் சிம்பிள் வாக்கியம். மூன்றும் ஒரே பொருள். 'ஆஸ்', 'அண்ட் ஸோ', 'பீயிங்' இன்னொரு குடும்பம். 'ஸோ… தட்', 'வெரி… அண்ட் ஸோ', 'டூ… டு' மூன்றாவது. இந்த மூன்று குடும்பமும் கைக்குள் இருந்தால் வருகிற கேள்விகளில் கணிசமானவற்றைத் தொட்டுவிடலாம்.

அயற்கூற்றில் எங்கே மார்க் போகிறது என்று ஒரு வாக்கியத்தை வைத்துப் பார்ப்போம். 'தி டீச்சர் செட் டு ரவி, "வேர் டிட் யூ கோ யெஸ்டர்டே?"' இதை மாற்ற வேண்டும். 'செட் டு' என்பது 'ஆஸ்க்ட்' ஆக வேண்டும், பெரும்பாலோர் செய்துவிடுகிறார்கள். 'யூ' என்பது 'ஹி' ஆக வேண்டும், அதையும் செய்கிறார்கள். 'யெஸ்டர்டே' என்பது 'தி பிரீவியஸ் டே' ஆக வேண்டும், எந்தச் சொல் எதுவாக மாறும் என்ற அட்டவணையைப் படித்தவர்கள் அதையும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் கடைசியில் தாளில் இருப்பது 'தி டீச்சர் ஆஸ்க்ட் ரவி வேர் டிட் ஹி கோ தி பிரீவியஸ் டே'. கேள்வியின் வரிசை அப்படியே நின்றுவிட்டது. சரியான விடை 'தி டீச்சர் ஆஸ்க்ட் ரவி வேர் ஹி ஹேட் கான் தி பிரீவியஸ் டே'. தமிழில் 'எங்கே போனாய் என்று கேட்டார்' என்று சொல்லும்போது உள்ளே இருக்கிற கேள்வியை நாம் தொடுவதே இல்லை, 'என்று' போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் உள்ளே போன கேள்வி சாதாரண வாக்கியமாக மாறிவிட வேண்டும். அட்டவணையை எத்தனை முறை படித்தாலும் இது வராது. இருபது கேள்வி வாக்கியங்களை மாற்றி எழுதிப் பார்த்தால் வரும். எழுதும்போது 'டிட்' எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று கடைசியில் ஒரு முறை தேடினாலே பாதிப் பிழை பிடிபடும்.

எழுத்துப் பகுதியில் உறுதியாகச் சொல்லக்கூடியது, வடிவத்துக்கு மார்க் உண்டு என்பதுதான். கடிதத்தில் அனுப்புநர், பெறுநர், தேதி, விளிப்பு, பொருள், உடல், முடிப்பு, உறை மேல் முகவரி எல்லாம் தத்தம் இடத்தில் இருக்க வேண்டும். பெயரும் முகவரியும் சொந்தமாக எழுதக்கூடாது. கேள்வியில் கொடுத்த பெயரை, அல்லது எக்ஸ் எக்ஸ் எக்ஸ், ஒய் ஒய் ஒய் என்று எழுத வேண்டும். அறிவிப்பு என்றால் கட்டம், பள்ளியின் பெயர், 'நோட்டீஸ்' என்ற சொல், தேதி, தலைப்பு. உள்ளே என்ன, எங்கே, எப்போது, யாருக்கு. கீழே கையொப்பமிடுபவரின் பதவி. விளம்பரத்துக்குக் கேள்வியிலேயே குறிப்பு கொடுத்துவிடுவார்கள். ஆடித் தள்ளுபடி, பொருள், சதவீதம், கடை இருக்கும் இடம் என்று வந்தால் அவற்றைக் கட்டத்துக்குள் பெரிதும் சிறிதுமாக அடுக்கி, ஒரு வாசகம் சேர்த்தால் ஆயிற்று. முழு வாக்கியம்கூடத் தேவையில்லை. ஆங்கிலம் வராத பிள்ளைக்கு இதைவிட நல்ல 5 மார்க் கிடையாது. படத்துக்கு ஐந்து வாக்கியம் போதும். யார் இருக்கிறார்கள், என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று 'இஸ்', 'ஆர்' போட்டு 'இங்' வடிவத்தில் எழுதினால் பிழைக்கு இடமே குறைவு. சுருக்கம் எழுதினால் தலைப்பை விட்டுவிடக் கூடாது, மூலப் பத்தியின் வாக்கியங்களை அப்படியே தூக்கி வைக்கவும் கூடாது.

கடிதத்தை மனப்பாடம் செய்வதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு முகாமில் என் கைக்கு வந்த தாளில், தெருவிளக்கு எரியவில்லை என்று அதிகாரிக்குப் புகார் எழுதச் சொன்ன கேள்விக்கு, ஒரு பிள்ளை அக்கா கல்யாணத்துக்கு மூன்று நாள் விடுப்புக் கேட்டுத் தலைமையாசிரியருக்கு எழுதியிருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, ஒரு எழுத்துப்பிழை கிடையாது. வடிவத்துக்கு உரியதைத் தவிர வேறு எதையும் கொடுக்க வழியில்லை. பார்க்கவே மனது வலித்தது. அவ்வளவு உழைக்கிற பிள்ளைக்குக் கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்ள யாரும் பழக்கவில்லை. கடிதத்தின் கூட்டை மனப்பாடம் செய்யலாம். நடுவில் வரும் நான்கு வாக்கியத்தைக் கேள்வியிலுள்ள சொற்களை வைத்தே கட்ட வேண்டும்: என்ன பிரச்சினை, எத்தனை நாளாக, யாருக்கு என்ன கஷ்டம், என்ன செய்ய வேண்டும். விளக்கு, தண்ணீர், குப்பை, சாலை என்று எந்தப் புகார் வந்தாலும் இந்த நான்கு கேள்விக்கு நான்கு பதில், முடிந்தது.

இனி, எனக்கு அவ்வளவு உறுதி இல்லாதவை. எழுத்துப்பிழைக்கு எவ்வளவு குறைப்பார்கள் என்று கேட்பார்கள். விடைக்குறிப்பு எல்லா மையத்துக்கும் ஒன்றுதான், ஆனால் ஐந்து மார்க் விடையில் அரை மார்க் கூடக் குறைய இருப்பது திருத்துபவரைப் பொறுத்தது. ஒரு மார்க் கேள்வியிலும் பிழை திருத்தத்திலும் அந்தச் சலுகை இருக்காது என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம். ஆங்கிலப் பத்திரிகை படிக்கச் சொல்லலாமா என்றால், நீண்டகாலத்தில் நிச்சயம் பலன் உண்டு. இரண்டு மாதத்தில் மார்க்காக மாறும் என்று என்னால் சொல்ல முடியாது. இப்போதைக்கு அந்த நேரத்தைப் பாடப்புத்தகத்தின் பயிற்சிகளுக்குக் கொடுப்பது மேல். ஒவ்வொரு பாடத்தின் பின்னாலும் சொற்பயிற்சியும் இலக்கணப் பயிற்சியும் இருக்கின்றன, அங்கிருந்துதான் தேர்வுக்குப் பலதும் எடுக்கிறார்கள்.

உங்களால் திருப்பூரிலிருந்து செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தினமும் ராத்திரி ஆறு வரி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். அன்று பள்ளியில் நடந்தது, அம்மா சமைத்தது, மழை பெய்தது, எதுவானாலும் சரி. நோட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். உங்களுக்கு ஆங்கிலம் சுமாராகத்தான் வரும் என்று எழுதியிருந்தீர்கள், பரவாயில்லை. போன் செய்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டே கேள்வி கேளுங்கள்: இதில் வினை எது? அது நேற்று நடந்ததா, இன்று நடக்கிறதா, தினமும் நடப்பதா? பதில் சொல்ல முயலும்போதே பாதிப் பிழையை அவரே கண்டுபிடித்துவிடுவார். மீதியை வாரம் ஒருமுறை பள்ளி ஆசிரியரிடம் காட்டி, அவர் திருத்தியதைப் பிழை நோட்டில் ஏற்ற வேண்டும். முதல் பத்து நாள் வாக்கியங்கள் மோசமாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து 'இதுகூடத் தெரியாதா' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்றோடு நோட்டை மூடிவிடுவார்.

கடைசி மூன்று வாரம் முழு வினாத்தாள் எழுத வேண்டும், வாரத்துக்கு இரண்டு. பழைய பொதுத்தேர்வுத் தாள், வேறு மாவட்டங்களின் அரையாண்டுத் தாள் எது கிடைத்தாலும் போதும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் எழுத வேண்டும். எந்தப் பகுதியை முதலில் எழுதுவது என்பது அப்போதுதான் தெளிவாகும். என் மாணவர்களை ஒரு மார்க் கேள்விகளை முடித்ததும் நேராக எழுத்துப் பகுதிக்குப் போகச் சொல்வேன், பாராகிராஃப்கள் அப்புறம். கை ஓய்வதற்குள் 20 மார்க் உறுதியாகிவிடும். கேள்வி எண்ணைச் சரியாகப் போட்டால் வரிசை மாறினாலும் பாதகமில்லை. கடைசிப் பத்து நிமிடம் எதையும் புதிதாக எழுதாமல், 'இஸ்' விட்டுப்போனது, 'டிட்' மிஞ்சியது, 'தோ'வுக்குப் பின்னால் 'பட்' வந்தது ஆகிய மூன்றை மட்டும் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

டியூஷன் பற்றிக் கேட்டீர்கள். சேர்ப்பதற்கு முன் அங்கே படிக்கிற ஒரு பிள்ளையின் நோட்டை வாங்கிப் பாருங்கள். பிள்ளை சொந்தமாக எழுதியதும் அதன் மேல் ஆசிரியர் திருத்தியதும் இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதிய பக்கங்கள் மட்டும் இருந்தால் அந்தப் பணத்தையும், அதைவிட முக்கியமாக அந்தச் சாயங்கால நேரத்தையும் மிச்சப்படுத்துங்கள். பள்ளியிலேயே பின்தங்கிய பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். அரசுப் பள்ளிகள் பலவற்றில் தேர்வு நெருங்கும்போது நடத்துவார்கள். அங்கே உங்கள் தங்கையின் பிழைகளை ஏற்கெனவே அறிந்த ஆசிரியரே இருப்பார்.